ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

சோக் இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கைத் தள்ளியதும் அணைந்துவிடுகிறது, த்ராட்டிலைத் திருகிப் பிடித்தால் மட்டும் ஓடுகிறது. படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் இப்படி அடம்பிடித்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்லோ ஜெட்டைத்தான். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள், மோட்டார் மெதுவாக ஓடும்போது பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளைத் துண்டு அது. மோட்டார் சில வாரம் சும்மா நின்றாலே கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி ஒரு படிவை விட்டுப் போகும். ஸ்லோ ஜெட்டின் துளை மிகச் சிறியது. அதனால் அதுதான் முதலில் அடைபடும்.

வேலையைத் தொடங்கும் முன் பெட்ரோல் குழாயையும் பிளக் கேப்பையும் கழற்றிவிடுங்கள். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஒரு துளையில் அடிக்கும் கார்புரேட்டர் க்ளீனர் எங்கோ இன்னொரு துளை வழியாகப் பீறிட்டு நேராக முகத்துக்குத்தான் வரும். கம்பிகளும் ஸ்பிரிங்குகளும் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கின்றன என்று போனில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கார்புரேட்டர் இருந்தால் ஒன்றைப் பூட்டி முடித்த பிறகே அடுத்ததைத் திறப்பேன். சில மோட்டார்களில் சிலிண்டருக்குச் சிலிண்டர் ஜெட் அளவே மாறும். பாகங்கள் கலந்தால் பெரும் தலைவலி.

கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து, வரும் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்துவிட்டுப் பார்த்தால், தண்ணீர் இருக்கும்பட்சத்தில் அடியில் முத்து முத்தாகத் திரண்டு உருளும். அப்படித் தெரிந்தால் கார்புரேட்டரோடு வேலை முடியாது, டேங்கையும் ஃபில்டரையும் பார்த்தாக வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் இறங்கிவிடும்.

ஐடிலிங்கில், அதாவது த்ராட்டில் கொடுக்காமல் ஓடும்போது, பெட்ரோல்-காற்று அளவைச் சரிசெய்வது கலவை ஸ்க்ரூ. கழற்றுவதற்கு முன் அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். முட்டியதும் நிறுத்திவிட வேண்டும். இறுக்கினால் ஊசி முனையில் தழும்பு விழும், அப்புறம் ஐடிலிங் நிலைக்காது.

இனி ஜெட். பித்தளை மென்மையானது, காடியில் சரியாகப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் தலை வழுக்கிவிடும். கழற்றிய ஜெட்டை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே ஒரு கண்ணால் பாருங்கள். சுத்தமான துளை கூர்மையான வட்டமாகத் தெரியும். ஓரத்தில் ஒரு பிறை மாதிரி நிழல் இருந்தாலும் அடைப்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆரம்ப காலத்தில் நான் அதை எஃகுக் கம்பியால் குத்தி எடுத்தேன். துளை அகன்று, ஐடிலிங்கில் புகையாகக் கக்கியது; புது ஜெட் போட்ட பிறகுதான் சரியானது. இப்போது க்ளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, அதற்கும் மசியாவிட்டால் மின்வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி மெதுவாக நுழைக்கிறேன். ஓ-ரிங், கேஸ்கெட், ஃப்ளோட் (கிண்ணத்துப் பெட்ரோலில் மிதக்கும் மிதவை) எதையும் க்ளீனரில் போடாதீர்கள், ரப்பர் உப்பிவிடும்.

ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சளசளத்தால் அது ஓட்டை, மாற்றுங்கள். ஃப்ளோட் ஏறும்போது பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி வால்வின் முனையில் வளையம்போல் தேய்மானம் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஃப்ளோட்டை மாட்டியபின் கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் நுழையும் முனையில் சுத்தமான குழாய் செருகி ஊதுங்கள். காற்று போகக் கூடாது. ஃப்ளோட்டை விரலால் தூக்கினால் போக வேண்டும்.

பூட்டும்போது கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். அங்கே காற்று கசிந்தால் கலவையில் பெட்ரோல் குறையும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது என்பதால் பிஸ்டனே பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கலவை ஸ்க்ரூவைக் குறித்துவைத்த சுற்றில் வைத்து, மோட்டாரைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கிவிடும். தொட்டியில் ஐடிலிங் சரியாக இருந்தாலும் வேகமாக ஓடும்போது பெட்ரோல் விடும் மெயின் ஜெட் சரியா என்பது படகில் பூட்டி, முழு த்ராட்டிலில் சுமையோடு ஓடும்போதுதான் தெரியும்.

சில வாரம் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். அப்போதும் கிண்ணத்தின் அடியில் ஒரு மடக்கு மிஞ்சும். வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து அதையும் இறக்கிவிட்டுத்தான் நான் மோட்டாரை மூடிவைப்பேன்.