கப்பியை டைனீமா கயிற்றால் கட்டுவது எப்படி? நழுவாத கட்டுக்கு ஒரு செய்முறை

பாய்மரப் படகில் கப்பியைத் தள வளையத்தோடு இணைக்க நான் இப்போது உலோக ஷாக்கிள் (U வடிவ இணைப்புக் கொக்கி) போடுவதில்லை. 4 மி.மீ. டைனீமா கயிறுதான், அதாவது மிக வலுவான பாலிஎத்திலீன் இழைக் கயிறு. எடை குறைவு, துருப்பிடிக்காது, கை தவறித் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். ஆனால் பயங்கரமாக வழுக்கும். முதல் தடவை பாலியஸ்டர் கயிற்றுக்குப் போடும் சதுர முடிச்சையே இதற்கும் போட்டேன். காற்று ஏறியதும் முனை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து முடிச்சே அவிழ்ந்துவிட்டது. கப்பி தளத்தில் அடித்துக்கொண்டு கிடந்தது.

உறையில்லாத, 12 புரிப் பின்னல் டைனீமா இரண்டு மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். உறை போட்டது வேண்டாம், அதில் ஸ்ப்ளைஸ் (முனையைக் கயிற்றின் பின்னலுக்குள்ளேயே செருகிப் பிணைப்பது) போடுவது வீண் சிரமம்.

1. ஒரு முனையில் ஸ்ப்ளைஸ் போட்டுச் சிறு கண்ணி செய்யுங்கள். உள்ளே செருகும் வால், கயிற்றின் விட்டத்தைப் போல் 72 மடங்கு நீளம் இருக்க வேண்டும், 4 மி.மீ. கயிற்றுக்கு ஏறக்குறைய 29 செ.மீ. வாலின் நுனிப் புரிகளை ஒவ்வொன்றாக வெட்டி மெலிதாக்குங்கள். தடிமன் சட்டென்று மாறும் இடத்தில்தான் கயிறு பலவீனமாகும்.

2. கண்ணியை வளையத்துக்குள் விட்டு, கயிற்றின் மறுமுனையைக் கண்ணிக்குள் நுழைத்து இழுங்கள். வளையத்தில் சுருக்கு விழும்.

3. கப்பியின் துளைக்கும் வளையத்துக்கும் இடையே ஆறு சுற்று சுற்றுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. நைலான் என்றால் நீண்டுகொடுக்கும். இறுக்கமான சுற்று கொஞ்சம் இழுபட்டதும் மற்றவையும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். டைனீமா அப்படி நீளாது. ஒரு சுற்று மட்டும் இறுகி மற்றவை தளர்ந்திருந்தால், முழுச் சுமையும் அந்த ஒன்றின் தலையில்தான். அதனால் ஒவ்வொரு சுற்றையும் போட்டவுடனே இழுத்துவிடுங்கள். முடிந்ததும் விரலால் ஒவ்வொரு இழையையும் சுண்டிப் பாருங்கள். தொளதொளவென்று ஆடினால் அதிலிருந்து முனை வரை மறுபடி இழுத்துக்கொண்டே வர வேண்டும்.

4. மிச்சக் கயிற்றை அந்த இழைக்கட்டின் நடுவில் குறுக்காக மூன்று முறை இறுக்கிச் சுற்றுங்கள். பிறகு கட்டைச் சுற்றியே அரை முடிச்சுகள், குறைந்தது ஆறு. சாதாரணக் கயிற்றுக்கு இரண்டு போதும், இதற்குப் போதாது. கடைசியில் முனையை இழைகளின் நடுவே ஊசியால் நுழைத்து, பத்து செ.மீ. வால் விடுங்கள். ஒட்ட நறுக்கிவிட்டால் நழுவுவது கண்ணுக்குத் தெரியாது.

ஒரு நாள் ஓட்டிய பிறகு கட்டாயம் திரும்பிப் பாருங்கள். புதுப் பின்னல் சுமை ஏறியதும் ஒடுங்கும், கட்டு தளரும். அவிழ்த்து மறுபடி இறுக்கிவிட வேண்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவருக்கு ஒரே இடத்தில் இழைகள் பஞ்சுபோல் பிசிறின. முடிச்சில் கோளாறு இல்லை, வளையத்தின் உள்விளிம்பு கூராக இருந்திருக்கிறது. கட்டுவதற்கு முன் வளையத்துக்குள் பஞ்சுத் துண்டை ஓட்டிப் பாருங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே உப்புத்தாள் போட்டு மழுக்குங்கள். இன்னொருவர் முனையைத் தீயில் உருக்கலாமா என்று கேட்டார். வேண்டாம். டைனீமா ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், பக்கத்துப் புரிகளும் கெடும். டேப் சுற்றி, கூரிய கத்தரியால் டேப்பின் நடுவில் வெட்டுங்கள்.