மூத்தோர் குடியிருப்பில் நிகழ்ச்சி நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

நாற்பது நாற்காலி போட்டு எட்டுப் பேர் வந்தால், “இவங்களுக்கு எதுலயும் நாட்டமில்லை” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அடுத்த மாதம் கச்சேரிக்குப் பதில் விளையாட்டு வைக்கிறார்கள். மறுபடியும் அதே எட்டுப் பேர். பெரும்பாலும் கோளாறு நிகழ்ச்சியில் இல்லை. நேரத்திலோ நாற்காலியிலோ மைக்கிலோ இருக்கிறது.

நேரத்தை முதலில் பாருங்கள். காலையில் நீர் மாத்திரை போடுபவர்களுக்கு அடுத்த சில மணி நேரம் கழிப்பறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும். மதிய உணவு முடிந்த கையோடு எழுந்து நின்று ஆடும் விளையாட்டை வைத்தால் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. மறதி நோய் உள்ளவர்களில் பலருக்கு மாலை சாயச் சாயக் குழப்பம் கூடும். கழிக்க வேண்டியதைக் கழித்தால், முற்பகல் பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை மிஞ்சுகிறது. 45 நிமிடத்துக்கு மேல் போனால் நடுவில் இடைவேளை கட்டாயம். சர்க்கரை நோயாளிகளின் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது.

“மைக் வேண்டாம், என் குரலே போதும்” என்பதைப் போல ஒரு கேடு வேறில்லை. வயதாகும்போது முதலில் கேட்காமல் போவது உயர் அதிர்வெண் ஒலிகள், அதாவது கீச்சென்ற ஒலிகள். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுபவை அவைதான். அதனால் படம், தடம், கடம் மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், தெளிவு வராது. மைக்கை வாயருகே பிடித்து நிதானமாகப் பேசுங்கள். பார்வையாளர் கேள்வி கேட்டால், அதை மைக்கில் திரும்பச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். ஸ்பீக்கர் இரண்டையும் மேடையில் வைத்து அலறவிட்டால் முன்வரிசை காதைப் பொத்தும், பின்வரிசைக்கு ஒன்றும் புரியாது; ஒன்றை நடுவில் வையுங்கள். பேசுபவருக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டாகி, உதட்டசைவு தெரியாது. பின்னணி இசையை அறவே நிறுத்திவிடுங்கள்.

நாற்காலிக்குக் கை இருக்க வேண்டும், இருக்கை உயரம் சுமார் 45 செ.மீ. பஞ்சு மெத்தை சோபா பார்க்க அழகு. உட்கார்ந்தவர் எழ இரண்டு பேர் வேண்டும். நடைபாதை 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது. சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம் தேவை. சக்கர நாற்காலிகளை எல்லாம் கடைசி வரிசையில் ஒதுக்காமல், ஒவ்வொரு வரிசையிலும் ஓர் இடம் காலியாக விடுங்கள். வாக்கர்களைச் சுவரோரம் கொண்டுபோய் அடுக்குவதும் தவறு, உரியவர் கைக்கு எட்ட வேண்டும். மைக் ஒயரைத் தரையில் ஒட்டுங்கள், விரிப்பே வேண்டாம்.

அறிவிப்பில் எழுத்தின் அளவு 18 புள்ளிக்கு (பாயின்ட்) குறையாமல், வெள்ளையில் கறுப்பாக இருக்கட்டும். வயதில் கண்வில்லை மஞ்சளாவதால் நீலமும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. ஒட்டும்போது சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டம் கணக்கு. ஆனாலும் காகிதம் ஆளைக் கூட்டாது. அன்று காலையில் கதவைத் தட்டி, “பத்தரைக்கு வர்றீங்களா?” என்று கேட்பதுதான் கூட்டும்.

பாட்டுத் தேர்வில் ஒரு வேடிக்கையான பிழை நடக்கிறது. முதியவர் என்றாலே மிகப் பழைய பாட்டு என்று நினைத்து, அவர்களுடைய அப்பா அம்மா காலத்துப் பாட்டைப் போடுகிறார்கள். மனதில் ஆழப் பதிவது ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரை கேட்டவைதான். 1950இல் பிறந்தவருக்கு அது 1960களும் 70களும். பொம்மைக்கு வண்ணம் தீட்டு, கைதட்டு என்று பள்ளிக்கூடம் நடத்துவதும் வேண்டாம்; கணக்கெழுதியவரும் வகுப்பெடுத்தவரும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், நடத்தும் பொறுப்பை அவர்களிடமே கொடுக்கலாம். சிற்றுண்டி தருவதாக இருந்தால் விழுங்கச் சிரமப்படுபவர்கள் யார் என்று செவிலியரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முடியும்போதுதான் பலர் கவனத்தை விடுகிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தால் லிஃப்ட் முன்னால் இருபது பேர் நின்று கால் வலிக்கக் காத்திருப்பார்கள். வரிசை வரிசையாக அனுப்புங்கள், லிஃப்ட் பக்கம் நாலு நாற்காலி போடுங்கள். எழுந்தவுடன் நடக்கவிடாமல், நாற்காலிக் கையைப் பிடித்தபடி சிறிது நேரம் நின்று, தலைசுற்றல் இல்லையென்று தெரிந்தபின் நகரச் சொல்லுங்கள்.