230 வோல்ட்டிலிருந்து ஆடாத 5 வோல்ட்: உங்கள் முதல் பவர் சப்ளை

பிளக்கில் வருவது 230 வோல்ட் ஏசி, நொடிக்கு 50 சுழற்சி. மைக்ரோகண்ட்ரோலர் போர்டும் சென்சாரும் கேட்பது ஏறாமல் இறங்காமல் நிற்கும் 5 வோல்ட் டிசி. அரை ஆம்பியர் தரும் சப்ளை ஒன்றைச் செய்துகொண்டே, இடையில் என்னென்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

வாங்க வேண்டியவை: 0-9 வோல்ட், 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், 4007 டையோடு நான்கு, 25 வோல்ட் தாங்கும் 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், வோல்டேஜை 5-இல் நிறுத்தும் 7805 ஐசி, அதன் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க், 0.33, 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒவ்வொன்று; 250 மில்லி ஆம்பியர் ஃபியூஸ்; சோதிக்க 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர்.

படி 1: டிரான்ஸ்ஃபார்மர்

பிரைமரியில், அதாவது 230 வோல்ட் நுழையும் சுருளில், ஃபியூஸைப் போட்டு, 230 வோல்ட் வரும் எல்லா இணைப்புகளையும் ஸ்லீவ் மாட்டி மூடுங்கள். கை வைக்கும் முன் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவி விடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஒரு கெப்பாசிட்டரை வைத்தே 230-ஐக் குறைக்கும் சர்க்யூட்டுகள் உண்டு. விலை குறைவு என்று அந்தப் பக்கம் போகாதீர்கள். அதில் வெளியே வரும் 5 வோல்ட் வயரும் மெயின்ஸோடு நேரடித் தொடர்பில் இருக்கும், தொட்டால் உயிருக்கே ஆபத்து. டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சுருள்களுக்கும் இடையே மின் தொடர்பு இல்லை, காந்தப்புலம் மட்டும்தான்.

படி 2: டையோடுகள்

நான்கையும் பிரிட்ஜாக இணையுங்கள். வெள்ளிக் கோடு உள்ள முனைகள் இரண்டு சேரும் இடம் பாசிட்டிவ், கோடில்லாத முனைகள் இரண்டு சேரும் இடம் நெகட்டிவ். மீதி இரண்டு சந்திப்புகளில் டிரான்ஸ்ஃபார்மர் வயர்கள். இப்போது மின்சாரம் ஒரே திசையில் போகும். ஆனால் நொடிக்கு 100 முறை பூஜ்யத்துக்கு விழுந்து எழும்.

படி 3: பெரிய கெப்பாசிட்டர்

அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் 2200 மைக்ரோஃபாரட். மைனஸ் குறியிட்ட கால் நெகட்டிவ் பக்கம் போக வேண்டும். மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

இனி வரும் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், சப்ளை ஒழுங்காக வேலை செய்வதும் செய்யாததும் இதில்தான் இருக்கிறது. 9 வோல்ட் ஏசியின் உச்சம் 9 × 1.414 = 12.7. ஒரு நேரத்தில் இரண்டு டையோடுகள் வழியே போவதால் 1.4 கழியும், மீதி 11.3. அடுத்த உச்சம் வரும்வரை கெப்பாசிட்டர்தான் அரை ஆம்பியரையும் தர வேண்டும். அதனால் வோல்டேஜ் சரியும்: கரண்ட் ÷ (நொடிக்கு வரும் உச்சங்கள் × ஃபாரட்), அதாவது 0.5 ÷ (100 × 0.0022) = ஏறக்குறைய 2.3. ஆகப் பள்ளத்தின் அடி 9 வோல்ட். 7805-இன் இன்புட்டில் குறைந்தது 7 வோல்ட் வேண்டும், எனவே போதும்.

சரி, 1000 மைக்ரோஃபாரட் போட்டால்? சரிவு 5 வோல்ட், அடி 6.3. மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், அதில் 8.8 என்று நன்றாகவே தெரியும். ஆனாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் 5 வோல்ட் அறுபடும், போர்டு காரணமே தெரியாமல் ரீசெட் ஆகும். மெயின்ஸ் 180 வரை இறங்கும் ஊராக இருந்தால் 2200-ம் பற்றாது, 4700 போடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் ஏன் 1 ஆம்பியர் என்பதற்கும் இதுவே காரணம். கெப்பாசிட்டர் உச்சத்தில் மட்டும், கொஞ்ச நேரத்துக்கு, மொத்தமாக இழுக்கிறது. அதனால் டிசி கரண்டைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு ரேட்டிங் தேவை.

படி 4: 7805

எழுத்துப் பக்கம் உங்களைப் பார்த்திருக்க, இடது கால் இன்புட், நடு கால் கிரவுண்ட், வலது கால் அவுட்புட். 0.33-ஐ இன்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே, 0.1-ஐ அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே, கால்களுக்கு ஒட்டியே வையுங்கள். இல்லையென்றால் ஐசியின் அவுட்புட் நிற்காமல் அலைபாய ஆரம்பிக்கலாம்.

இதற்குள் மாறாத வோல்டேஜ் அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஐசி தன் அவுட்புட்டை அதோடு ஓயாமல் ஒப்பிடும். குறைந்தால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரை இன்னும் திறக்கும், கூடினால் மூடும். மிச்ச வோல்டேஜ் முழுக்கச் சூடாகிறது. 11.3-க்கும் 9-க்கும் சராசரி 10.2 என்று வைத்தால்: (10.2 − 5) × 0.5, அதாவது சுமார் இரண்டரை வாட். லோடு, அதாவது சப்ளையில் மாட்டும் போர்டு, எடுப்பதும் அதே இரண்டரை வாட்தான்! ஹீட்சிங்க் இல்லாமல் ஐசி தாங்காது, தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

இப்படி வீணாவதைத் தவிர்க்கத்தான் செல்போன் சார்ஜரில் வேறு வழி. 230-ஐ முதலிலேயே 325 வோல்ட் டிசி ஆக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை ஸ்விட்ச் செய்து, குட்டி ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்புகிறார்கள். பிளக்கை எடுத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும் என்பதால் இப்போதைக்கு அதைத் திறக்க வேண்டாம்.

படி 5: சோதனை

லோடு இல்லாமல் முதலில் அளவிடுங்கள், 4.8-க்கும் 5.2-க்கும் இடையில் வர வேண்டும். அப்புறம் 10 ஓம் ரெசிஸ்டரை அவுட்புட்டில் இணைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். ரெசிஸ்டர் கொதிக்கும், கை படாமல் வையுங்கள். அவுட்புட் அதே இடத்தில் நிற்கிறதா என்று டிசி ரேஞ்சில் பாருங்கள். பிறகு மீட்டரை ஏசி ரேஞ்சுக்கு மாற்றி அதே இடத்தில் வையுங்கள். சில மில்லிவோல்ட் என்றால் நல்லது. நூற்றுக்கணக்கில் காட்டினால் பெரிய கெப்பாசிட்டரின் மதிப்பையும் அதன் சால்டரிங்கையும் முதலில் சரிபாருங்கள்.