ரேடியேட்டர் முனை கையோடு வந்துவிட்டதா? அவசரத்தில் இதையெல்லாம் செய்யாதீர்கள்

வீட்டிலேயே கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) மாற்றலாம் என்று உட்கார்ந்து, ஹோஸைப் பிடித்து இழுக்கும்போது, அது மாட்டியிருக்கும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் முனை பட்டென்று உடைந்துவிடுவது பழைய வண்டிகளில் சகஜம். ரேடியேட்டரின் நடுப்பகுதிதான் அலுமினியம், ஓரத்தில் இருக்கும் தொட்டிகள் பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான். பல வருடம் சூட்டில் வெந்த நைலான் காய்ந்த பனையோலை மாதிரி நொறுங்கும். அந்த உடைசல் ரேடியேட்டரோடு முடிந்துவிடும், ஆனால் அதற்கப்புறம் பதற்றத்தில் செய்கிற காரியம் இன்ஜினையே இறக்க வைத்துவிடும்.

முதலில், வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி என்ன பெரிய தூரமா, சூடு காட்டும் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போய்விடலாம் என்று தோன்றும். அந்த முள்ளை நம்பித்தான் பலர் மோசம் போகிறார்கள், ஏனென்றால் சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும், கூலன்ட் வடிந்துவிட்டால் அது வெறும் காற்றில் நின்றுகொண்டு நார்மல் என்றே காட்டக்கூடும். அக்னி நட்சத்திர நேரத்தில் பாலாற்றுப் பாலத்தில் டிராஃபிக்கில் மாட்டினால் இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, அதற்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய், ஆயிலும் கூலன்டும் கலந்துவிடும். டோ பண்ணும் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அடுத்தது பசை. ஃபெவிக்விக், எம்-சீல் எல்லாம் கையில் இருப்பதால் உடனே ஒட்டிப் பார்க்கத் தோன்றும். ஓடும் இன்ஜினில் கூலன்ட் 90 டிகிரிக்கு மேல் போகும், அழுத்த மூடியோ சுமார் 1 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். சாதாரண ஃபெவிக்விக் வகைப் பசை 80 டிகிரி வாக்கிலேயே பிடிப்பை இழக்கத் தொடங்கும். ஒட்டியது அன்று நிற்கும், ஹைவேயில் வேகமெடுக்கும்போது விடும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பல வண்டிகளில் அழுத்த மூடி ரேடியேட்டரின் மேலேயே இருக்கும், பக்கத்து பாட்டில் வழிந்து வருவதைப் பிடிக்க மட்டும்தான், அதில் அழுத்தம் கிடையாது. அந்த பாட்டிலில் விரிசல் என்றால் பிளாஸ்டிக் வெல்டிங் செய்து ஓட்டலாம், தப்பில்லை. ஆனால் சில வண்டிகளில் அழுத்த மூடியே அந்த பாட்டிலில்தான் இருக்கும், அப்படியென்றால் ஒட்டுவதை மறந்துவிட்டு புது பாட்டில் வாங்குங்கள்.

உடைந்த துண்டைத் தேடாமல் விடுவதும் பெரிய தவறு. பாதி ஹோஸுக்குள் இருக்கும், மீதி தொட்டிக்குள் விழுந்திருக்கும். ஹோஸுக்குள் இருப்பதைக் கவனிக்காமல் அப்படியே மாட்டினால் அது தெர்மோஸ்டாட்டில் (சூட்டுக்கு ஏற்ப கூலன்டைத் திறந்துவிடும் வால்வு) போய் சிக்கலாம். துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள், முழு வளையம் வர வேண்டும்.

மெக்கானிக்கிடம் மறைக்காதீர்கள். "அண்ணே, நானே ஹோஸ் இழுத்தேன், முனை உடைஞ்சிடுச்சு, ஒரு துண்டு கிடைக்கல" என்று சொல்லிவிட்டால் அவர் நேராக அங்கே கை வைப்பார். சொல்லாவிட்டால் லீக் எங்கே என்று தேடியே நேரம் போகும். புது ரேடியேட்டர்தான் வேண்டும் என்று அவசியமும் இல்லை. தொட்டியைப் பிடித்திருக்கும் அலுமினிய மடிப்பை நிமிர்த்தி, புதுத் தொட்டியும் புது ரப்பர் கேஸ்கெட்டும் போட்டு, காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்துத் தரும் ரேடியேட்டர் பட்டறைகள் இருக்கின்றன. புதிதாகவே வாங்குவதென்றால் வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரைக் காட்டி வாங்குங்கள், ஏனென்றால் ஒரே மாடலில் மேனுவலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் ரேடியேட்டர் வேறாக இருக்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். போர் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கிறோம் என்று அப்படியே மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் எப்படிக் கெட்டது என்பது 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போன கதை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், குழாய்களில் படிவு கட்டும். டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட் அல்லது கலந்தே வரும் கூலன்ட், இரண்டில் ஒன்றுதான்.

புது முனையையும் உடைக்காமல் இருக்க, ஹோஸை நேராக இழுக்காதீர்கள். கிளாம்பைத் தளர்த்தி, ஹோஸை இரண்டு பக்கமும் முறுக்கி அசைத்து, ஒட்டு விட்டதும் எடுங்கள். அப்படியும் வராவிட்டால் ஹோஸை பிளேடால் நீளவாக்கில் கீறி எடுத்துவிடுங்கள், அது ரேடியேட்டரைவிட மலிவு.

இதே நேரத்தில் ஆயில் மாற்றும்போது சம்ப்பில் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) வடிகால் போல்ட்டின் மரை போய்விட்டதென்றால் டெஃப்லான் டேப் சுற்றி இன்னும் இறுக்க வேண்டாம், லேத் பட்டறையில் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்) போட்டால் மரை பழையபடி நிற்கும். பிரேக் பாகம் எதுவாவது முறிந்தால் மட்டும் வீட்டில் எந்தச் சோதனையும் வேண்டாம், வண்டி அங்கேயே நிற்கட்டும்.

எல்லாம் மாட்டியபின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து உங்கள் வண்டியின் மேனுவல் சொல்கிற முறைப்படி செய்யுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே வேண்டாம். மறுநாள் காலை இன்ஜின் ஆறிய பிறகு அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றுங்கள், அப்புறமும் தினம் குறைந்துகொண்டே போனால் எங்கோ லீக் இருக்கிறது, திரும்பப் பட்டறைக்குப் போங்கள்.