சிறு முதலீட்டில் திகில் படம்: எடுப்பதும் விற்பதும்

நட்சத்திர நடிகர் இல்லாமலே விலைபோகும் படவகைகளில் திகிலுக்குத்தான் முதலிடம். ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ 2006இல் இயக்குநரின் சொந்த வீட்டிலேயே ஏழு நாளில், ஏறத்தாழ 15,000 டாலரில் எடுக்கப்பட்டது. அதே நம்பிக்கையில் தொடங்கும் பல படங்கள் வெளிவராமல் முடங்குவதற்குக் கதை மட்டும் காரணமாக இருப்பதில்லை. இருட்டு அழுக்காகத் தெரியும், வசனம் கேட்காது, உரிமைப் பத்திரம் இருக்காது. மூன்றையும் படப்பிடிப்புக்கு முன்பே திட்டமிட்டுத் தவிர்க்கலாம்.

கைவசம் உள்ள இடத்துக்கேற்பக் கதை எழுதுங்கள்: ஒரு வீடு, நான்கைந்து பாத்திரங்கள். வீட்டுக்குள் நடக்கும் இரவுக் காட்சிகளை, ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிப் பகலிலேயே எடுத்துவிடலாம். தொடர்ந்து இரவு வேலை பார்த்துக் களைத்த குழுவில் விபத்துகள் எளிதில் நேரும்.

இருட்டைப் படமாக்கவும் வெளிச்சம் வேண்டும். விளக்குகளை அணைத்துவிட்டு, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றினால் கிடைப்பது புள்ளி புள்ளியாகக் கொதிக்கும் சாம்பல் நிறம்தான். முதன்மை விளக்கை நடிகருக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ வைத்து, முன்புறத்தை அப்படியே விட்டுவிடுங்கள். முகத்தின் ஓரம் ஒரு கோடாகத் தெரிந்தால் போதும். ஃபிரேமில் எங்காவது ஒரு மேசைவிளக்கோ கதவிடுக்கில் கசியும் ஒளியோ இருக்கட்டும். ஒப்பிட ஒரு வெளிச்சம் இருந்தால்தான் மற்ற இடங்கள் கண்ணுக்குக் கறுப்பாகப் படும். கேமராவின் அடிப்படை ஐஎஸ்ஓவில் (அந்தக் கேமரா நன்றாக வேலை செய்யும் இயல்பான அளவு), இறுதியில் வேண்டியதைவிட ஒரு ஸ்டாப், அதாவது இருமடங்கு ஒளி, கூடுதலாக எடுத்து, பிறகு ஒளியையும் நிறத்தையும் சரிசெய்யும் கலர் கிரேடிங்கில் இறக்குங்கள். நிறப் படிகள் அதிகம் கிடைக்கும் 10 பிட்டில் பதியுங்கள். 8 பிட்டில் சுவரில் மங்கிச் செல்லும் நிழல் பட்டை பட்டையாக உடையும். மலிவான எல்இடி விளக்குகள் மினுக்கினால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் ஷட்டர் வேகத்தை 1/50 நொடி என்றும், 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/60 என்றும் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

ஓடிடிக்காக வீடியோவைச் சுருக்கும்போது இருண்ட பகுதிகள்தான் முதலில் கட்டம் கட்டமாகச் சிதையும். கிரேடிங்கில் மிக மெல்லிய கிரெயின் (பழைய ஃபிலிமில் தெரிவதுபோன்ற நுண்புள்ளிகள்) சேர்த்தால் பட்டைகள் மறையும். கூடிப்போனால் சிதைவு இன்னும் மோசமாகும். இறுதிப் பிரதியைப் பகல் வெளிச்சத்தில் ஒரு கைபேசியில் ஓட்டிப் பாருங்கள். முக்கியமான அசைவு தெரியவில்லை என்றால் மறுபடி கிரேடிங்தான்.

ஏதாவது ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதை ஒலிக்குக் கொடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். சாதாரண வசனத்தின் உச்சம் ரெக்கார்டர் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும். திகில் படத்தில் ஒரே ஷாட்டில் கிசுகிசுப்பும் வரும், அலறலும் வரும். மிக மெல்லிய ஒலியையும் மிக உரத்த ஒலியையும் ஒருசேரப் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இதற்குப் பெரிய உதவி. ஆனால் வயர்லெஸ் மைக்கில் அலறல் டிரான்ஸ்மிட்டரிலேயே உடைந்துவிடக்கூடும். அதற்குப்பின் எந்த ரெக்கார்டராலும் மீட்க முடியாது. அலறலைச் நீளக் கம்பியில் சற்றுத் தள்ளிப் பிடித்த பூம் மைக்கிலும், கிசுகிசுப்பை மைக்கை நெருக்கித் தனி டேக்காகவும் எடுங்கள்.

அதன் இரைச்சல் பதியாமலிருக்க ஃபிரிட்ஜை அணைத்தால், வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். திரும்பப் போடாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஒவ்வொரு அறையிலும் எல்லோரும் அசையாமல் நின்று, ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த அறையில் கேட்கும் ஒலி, பதியுங்கள். பயமுறுத்தும் கணத்துக்கு முன் எடிட்டர் மெல்லக் குறைப்பது இதைத்தான். இது இல்லாவிட்டால் வசனங்களுக்கு இடையே ஒலி அறுந்து அறுந்து கேட்கும்.

ரத்தத்துக்கு: ஒரு கப் கார்ன் சிரப், ஒரு மேசைக்கரண்டி சிவப்பு உணவு நிறம், இரண்டு மூன்று சொட்டு நீலம், வெதுவெதுப்பான நீரில் கட்டியில்லாமல் கரைத்த ஒரு மேசைக்கரண்டி கோகோ தூள். கோகோ சேர்க்காவிட்டால் கலவை கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும், கேமராவில் இளஞ்சிவப்பாக விழும். நீல ஒளியில் இதே ரத்தம் கறுப்பாகிவிடும் என்பதால், படமாக்கும் விளக்கின் கீழேயே முன்கூட்டிச் சோதியுங்கள். தோலிலும் துணியிலும் கறை பிடிக்கும். ஒவ்வொரு உடையிலும் மூன்று பிரதி வேண்டும். தரையில் வழுக்கும், ஓடும் காட்சிக்கு முன் துடைத்துவிடுங்கள்.

சிலிக்கோனில் போலிக் காயம் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பிளாட்டினம் வகைச் சிலிக்கோன், கந்தகம் கலந்த களிமண்ணையோ லேடெக்ஸையோ தொட்டால் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும்.

உரிமை விஷயத்தில் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய படம் 1968இல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது புதிய தலைப்பு அட்டையில் காப்புரிமை அறிவிப்பு விடுபட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. இன்று சட்டம் மாறிவிட்டது, ஆனால் காகிதம் இல்லாத படத்தை வாங்க ஆள் கிடையாது. எழுத்தாளர், நடிகர், இசையமைப்பாளர், இட உரிமையாளர் எல்லோரிடமும் படப்பிடிப்புக்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். ஏற்கெனவே வெளிவந்த பாட்டு என்றால் பாடலுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும்.

டிவிடி விற்பனை சுருங்கியபின் வருமானம் பல சிறு ஓடைகளாகப் பிரிந்துவிட்டது: வாடகைக்குப் பார்ப்பது, சந்தா, விளம்பரத்தோடு இலவசம். எல்லோரும் கேட்கும் பொருட்கள் ஏறத்தாழ ஒன்றே. புரோரெஸ் 422 எச்க்யூ என்ற உயர்தர வீடியோ வடிவில் மாஸ்டர் பிரதி, சப்டைட்டில்கள், வசனம் நீக்கி இசையும் ஓசையும் மட்டும் உள்ள எம் அண்ட் இ டிராக், படப்பிடிப்பில் எடுத்த ஸ்டில்கள். ஸ்டில்களைத்தான் பலரும் மறக்கிறார்கள். மேக்கப் கலைந்தபின் அவற்றை எடுக்க வழியில்லை. எம் அண்ட் இ இல்லாமல் வேற்றுமொழி டப்பிங் நடக்காது. திரைப்பட விழாக்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அதற்கு முன் படத்தை இணையத்தில் ஏற்றாதீர்கள். பல விழாக்கள் முதல் திரையிடலைக் கேட்கும்.

விற்பனை முகவரின் ஒப்பந்தத்தில் கமிஷன் சதவீதத்தைவிடச் செலவுப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். விளம்பரம், சந்தைப் பயணம் என்று அவர் கழித்துக்கொள்ளும் தொகைக்கு உச்சவரம்பு எழுதப்படாவிட்டால், படம் விற்றும் உங்கள் கைக்கு ஒன்றும் வராமல் போகலாம். ஒப்பந்தக் காலம், எந்தெந்த நாடுகள், கணக்கறிக்கை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, நிறுவனம் திவாலானால் உரிமை உங்களுக்குத் திரும்புமா என்பவை எழுத்தில் வந்தபிறகு கையெழுத்திடுங்கள்.