குட்டிப் பாம்பு மீண்டும் இரை எடுத்த விதம்

வேளச்சேரியில் எங்கள் வீட்டில் வளரும் கார்ன் ஸ்நேக் (விஷமற்ற வளர்ப்புப் பாம்பு) குட்டி, இரண்டு வாரமாக உறைந்த எலிக்குஞ்சைத் தொடாதபோது மிகவும் கலங்கிப்போனேன். சென்னை வெக்கைக்குச் சமையல் மேடையில் பத்து நிமிடம் வைத்தாலே எலிக்குஞ்சு முழுதும் இளகிவிடும் என்று எண்ணியதுதான் என் தவறு. அதன் மேல்தோல் இளகியிருந்தாலும், விரலால் அழுத்தியபோது வயிற்றின் நடுப்பகுதி கல்லாக இருந்தது.

இப்போது ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு ஒன்றை மூடிய பையில் போட்டு, முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுகிறேன். மறுநாள் மாலை அந்தப் பையைத் திறக்காமலே ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் மிதக்கவிட்டு, உள்ளே பனி இல்லை என்று அழுத்திப் பார்த்த பிறகே, இடுக்கியால் பின்புறத்தைப் பிடித்து, தலை முன்னால் இருக்கும்படி மெல்ல நீட்டுகிறேன். மைக்ரோவேவ் கூடவே கூடாது. இறைச்சி வெந்துவிடும், வயிறும் வெடிக்கலாம்.

முதல் நாளே, நாக்கை நீட்டி நீட்டி மணம் பிடித்த குட்டி, சட்டென்று தலையைக் கவ்விச் சுருண்டுகொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உண்டபின் இரை கக்கிவிடாமல் இருக்க 48 மணி நேரம் அதைக் கையில் எடுப்பதில்லை. மின்தடையில் இளகிய குஞ்சுகளை மறுபடி உறையவைக்காமல் எறிந்துவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவுகிறேன்.