காட்டுத்தீப் புகையில் வெயிலை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் போன வாரம், புகையைத் தாண்டி எவ்வளவு வெயில் தரைக்கு வரும் என்று போட்ட ஒரு கணக்கைக் கொண்டுவந்து காட்டினார்கள். பார்த்ததும் 2020 ஆகஸ்ட் ஞாபகம் வந்துவிட்டது. நான் செய்த அதே தவறு, அதே இடத்தில். கருவியைச் சாய்வாக வைப்பது, கடிகார நேரத்தைக் குழப்பிக்கொள்வது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை முதல் நாளே மாட்டிக்கொள்ளும்.

நேரடி ஒளி குறைந்தால் மொத்த ஒளியும் அதே அளவு குறையும் என்று நினைப்பது

புகை எவ்வளவு அடர்த்தி என்பதை ஒளியியல் தடிமன் என்ற எண்ணால் சொல்கிறோம். அது 1 என்று வைத்துக்கொள்வோம். சூரியன் உச்சியில் இருக்கும்போது, நேர்கோட்டில் வரும் ஒளியில் 37 சதவீதம்தான் புகையைத் தாண்டும். சரி. மீதி 63 சதவீதம் எங்கே போனது? புதியவர்கள் அதைத் தொலைந்த கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

தொலைவது அதில் சிறு பங்குதான். புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானைவிடச் சிறியவை, ஏறக்குறைய ஒளியின் அலைநீள அளவுக்கே இருப்பவை. அவை ஒளியை விழுங்குவதைவிடச் சிதறடிப்பதே அதிகம், அதுவும் பெரும்பாலும் முன்பக்கமாக. அதனால் பாதை மாறிய ஒளியில் பெரும்பகுதி சிதறொளியாகத் தரைக்கே வந்து சேர்கிறது. கரித்துகள் உறிஞ்சியதும் மேலே திரும்பிப் போனதும்தான் உண்மையான நஷ்டம்.

2020 ஆகஸ்ட் நடுவில் விழுந்த மின்னல்களால் வட கலிபோர்னியாவில் நூற்றுக்கணக்கான இடங்களில் தீப்பிடித்தது. பள்ளத்தாக்கில் பாதாம் தோட்டம் வைத்திருந்த ஒருவர், சோலாரில் ஓடும் தன் மோட்டார் தாங்குமா என்று கேட்டார். "மூன்றில் ஒரு பங்கு மின்சாரம்தான் வரும்" என்றேன். அவர் டீசல் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தார். அறுவடை முடிந்து மரத்துக்குத் தண்ணீர் விட வேண்டிய நேரம் அது.

நான்கு நாள் கழித்து அங்கே போனேன். மண்ணுக்கு மேலே கையை நீட்டினால் விரல்களின் நிழல் ஓரம் தெரியாமல் மங்கிக் கிடந்தது. ஆனால் இன்வெர்ட்டர் காட்டிய எண் வழக்கமான நாளில் ஐந்தில் நான்கு பங்குக்குப் பக்கத்தில் இருந்தது. ஜெனரேட்டர் ஒரு ஓரமாகச் சும்மா நின்றது. அந்த வாடகைப் பணம் என் கணக்கால் போனது. இன்று வரை அது உறுத்துகிறது. தரைக்கு வரும் மொத்த ஒளியை அளக்கும் பைரனோமீட்டர் கருவியை ஒரு மணி நேரம் வைத்திருந்தால் போதும், அந்தச் செலவே வந்திருக்காது.

எதற்காகக் கணக்குப் போடுகிறோம் என்பதும் முக்கியம். மொஹாவி பாலைவனத்தின் இவன்பா நிலையம் போல, கண்ணாடிகளால் வெயிலைக் கோபுரத்தில் குவிப்பவர்களுக்கு அந்த 37 சதவீதம்தான் சரியான எண். சிதறொளியைக் குவிக்க முடியாது. சாதாரண பேனலுக்கு நேரடி ஒளி, சிதறொளி இரண்டும் வேலை செய்யும். அதற்கும் எல்லை உண்டு. புகை மிகவும் தடித்துவிட்டால் ஒளி பல முறை சிதறி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உறிஞ்சப்பட்டு, சிதறொளியும் செத்துவிடும்.

தரையின் காற்றுத் தரத்தை வைத்து வெயிலை ஊகிப்பது

2020 செப்டம்பர் 9. சான் பிரான்சிஸ்கோவில் பகலிலேயே விளக்கு போட வேண்டியிருந்தது, வானம் முழுக்க ஆரஞ்சு நிறம். ஆனால் அன்று தரையில் காற்று அந்த அளவுக்கு மோசமில்லை. கடலிலிருந்து வந்த குளிர்ந்த காற்றடுக்கு கீழே இருக்க, புகை அதற்கு மேலே மிதந்தது. காற்று மோசமானது அடுத்தடுத்த நாட்களில்தான். மூக்கருகே உள்ள துகளை அளக்கும் கருவிக்கு மேலே உள்ளது தெரியாது. வெயிலுக்கோ தரையிலிருந்து வானம் வரை இருக்கும் புகை மொத்தமும் கணக்கு.

காலையையும் நண்பகலையும் ஒன்றாக எடுப்பது

சூரியன் 30 பாகை உயரத்தில் இருந்தால் ஒளி கடக்கும் பாதை இரண்டு மடங்கு. அதே புகைதான், ஆனால் நேரடி ஒளி 37 சதவீதத்திலிருந்து சுமார் 14 சதவீதமாக இறங்கிவிடும். நாள் முழுக்க ஒரே விகிதத்தைப் போட்டால் காலையும் மாலையும் தப்பாகும்.

புகையை மேகம் என்று வடிகட்டிவிடுவது

மேகம் மறைத்த நேரத்து அளவீடுகளைத் தானாக நீக்கும் மேக வடிகட்டி, அடர்ந்த புகை நேரத்து அளவீடுகளையும் தூக்கி எறியும். அப்புறம் சராசரியைப் பார்த்தால் தீயே இல்லாத மாதம் போலத் தெரியும். நீக்கிய வரிசைகளைத் திறந்து பாருங்கள். சிவப்பு ஒளியைவிட நீல ஒளியில் ஒளியியல் தடிமன் தெளிவாகக் கூடியிருந்தால் அது மேகமல்ல, நுண்துகள்.

கைபேசிப் படம்

வெயிலை ஊகிக்க இது வேண்டாம். செப்டம்பர் 9 அன்று பல கைபேசிகள் ஆரஞ்சு வானத்தைச் சாம்பலாகத் திருத்திவிட்டன.

சாம்பல்

புகை கலைந்ததும் பைரனோமீட்டரின் கண்ணாடிக் குமிழைத் துடையுங்கள், பேனலையும் கழுவுங்கள்.